அரசுப் பள்ளியில் தேசிய அறிவியல் தினத்தைக் குறைந்த செலவில், ஒரே கருப்பொருளை வைத்து எப்படி நடத்துவது?

முதல் வேலையாக எரிமலைக்குத் தடை போடுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். உங்களுக்கு வந்த மாதிரியே என் தலையிலும் ஒரு வருடம் இந்தப் பொறுப்பு வந்து விழுந்தது. "ஆளுக்கு ஒரு மாடல் செஞ்சுட்டு வாங்க" என்று வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன். பிப்ரவரி 28 காலையில் வந்து சேர்ந்தவை 11 எரிமலைகள். எல்லாவற்றிலும் அதே சமையல் சோடா, அதே வினிகர். கூடவே 4 தெர்மாகோல் சூரியக் குடும்பங்கள். அதில் இரண்டு கடையில் வாங்கியவை, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. சிறப்பு விருந்தினர் வர ஒன்றரை மணி நேரம் தாமதம். அதுவரை எந்தப் பயல் பொறுப்பான்? அவர் வந்தபோது எல்லா எரிமலைகளும் வெடித்து ஓய்ந்து, வகுப்பறை முழுக்கப் புளித்த வாடை. பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாடல் கொண்டுவரச் சொன்னேன், கொண்டுவந்தார்கள்.

அடுத்த வருடத்திலிருந்து முறையை மாற்றினேன். பள்ளி முழுவதற்கும் ஒரே ஒரு கேள்வி. அதுதான் கருப்பொருள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஒவ்வொரு ஆண்டும் ஒரு கருப்பொருள் அறிவிக்கும். 2024-இல் 'வளர்ந்த பாரதத்துக்கான உள்நாட்டுத் தொழில்நுட்பங்கள்' என்று வந்தது. அறிக்கையிலும் பேனரிலும் அதைப் போட்டுத்தான் ஆக வேண்டும், போடுங்கள். ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? கட்டுரைப் போட்டிக்கு யாராவது எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்யும். அதனால் அந்தப் பெரிய தலைப்புக்கு உள்ளே, பிள்ளைகள் பந்தயம் கட்டித் தோற்கக்கூடிய ஒரு சின்னக் கேள்வியைத் தேடிப் பிடிக்க வேண்டும். விடை பாடப்புத்தகத்தில் அச்சாகி இருக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள், பள்ளி வளாகத்துக்குள், அவர்கள் கையாலேயே பார்த்துவிட முடிய வேண்டும். எனக்கு அளவுகோல் இவ்வளவுதான்.

நான் முதலில் எடுத்த கேள்வி 'கடல் ஏன் நீலம்?' இந்த நாளுக்கே உரிய கேள்வி அது. 1921-இல் நர்குண்டா என்ற கப்பலில் ஊர் திரும்பிய சி.வி. ராமன், நடுக்கடலின் நிறத்தைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்தார். வானத்தின் நீலம்தான் கடலில் தெரிகிறது என்பது அப்போது பெரிய அறிஞர்களே ஏற்றுக்கொண்ட விளக்கம். ராமன் நிக்கோல் பட்டகம் என்ற ஒளி வடிகட்டியால் நீர்ப்பரப்பில் பட்டு வரும் வானத்தின் பிரதிபலிப்பை விலக்கிவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகத்தான் இருந்தது. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று அங்கிருந்து போன யோசனைதான், 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் 'ராமன் விளைவு' என்ற கண்டுபிடிப்பில் போய் முடிந்தது. 1930-இல் நோபல் பரிசு. 1986-இல் இந்த நாளை அறிவியல் தினமாக அறிவித்து, 1987 முதல் கொண்டாடுகிறோம்.

எங்கள் பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொரு செய்தி. ராமனோடு அந்த ஆய்வில் நின்ற கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். எங்களுக்கு அது பஸ்ஸில் போய் வருகிற ஊர். 'நேச்சர்' இதழில் 1928-இல் வந்த முதல் கட்டுரையில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. "வத்ராப்பா டீச்சர்?" என்று மூன்று தடவை கேட்டான் ஒருவன். அவன் அம்மாவுக்கு அந்த ஊர்தானாம். உங்கள் ஊர்ப் பக்கமும் இப்படி யாராவது இருப்பார்கள், தேடிப் பாருங்கள். பேச்சுப் போட்டி வைப்பதைவிட இது வேலை செய்யும்.

செய்முறைக்கு வருவோம். பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டில், தண்ணீர், பால், செல்போன் டார்ச். அவ்வளவுதான் பொருள். போனைக் கவிழ்த்து டார்ச்சை மேலே பார்க்க வைத்து, அதன் மேல் பாட்டிலை நிறுத்த வேண்டும். பால் 3 சொட்டு, இங்க் ஃபில்லரில். பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீர் லேசான நீலத்தில் இருக்கும். மேலிருந்து குனிந்து விளக்கைப் பார்த்தால் மஞ்சள். இன்னும் இரண்டு சொட்டு விட்டால் ஆரஞ்சு. சாயங்கால வானம் பாட்டிலுக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும். இதில் எல்லாரும் சறுக்குகிற இடம் பால்தான். எட்டாம் வகுப்புப் பையன்கள் ஒரு மடக்கை அப்படியே ஊற்றிவிட்டார்கள், வெறும் வெள்ளையாகிவிட்டது. வெளிச்சமும் எதிரி. வகுப்பறை ஜன்னலுக்குக் கதவே கிடையாது, நீலம் கண்ணுக்கே தெரியவில்லை. கடைசியில் சத்துணவு அமைப்பாளரிடம் கெஞ்சி, அரிசி மூட்டை அடுக்கும் அறையை இரண்டு மணி நேரம் வாங்கினோம். பத்துப் பத்துப் பேராக உள்ளே போனார்கள். இருட்டில், அரிசி வாசத்தில், அந்த நீலத்தைப் பார்த்ததும் ஒரு பெண் "ஐ!" என்றாள் பாருங்கள், அந்த வருடம் எனக்கு அது போதும் என்று இருந்தது.

ஒரு எச்சரிக்கை. பல பள்ளிகளில் இதே பால் சோதனைக்கு மேலே 'ராமன் விளைவு' என்று அட்டை எழுதி ஒட்டிவிடுகிறார்கள். அது தப்பு. இங்கே ஒளி சிதறுகிறது, நீலம் கூடுதலாகச் சிதறுகிறது. ஆனால் சிதறிய ஒளியின் நிறம் மாறுவதில்லை. ராமன் கண்டது, சிதறும் ஒளியில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு தன் நிறத்தையே மாற்றிக்கொண்டு வருகிறது என்பதை. அதை டார்ச்சில் காட்ட முடியாது. "இது ராமன் விளைவு இல்லை, அவரை அங்கே கொண்டுபோன பாதையின் தொடக்கம்" என்று சொல்லுங்கள். கடல் நீலமாக இருப்பதற்கு, தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் ஒரு முக்கியக் காரணம் என்பதையும் பெரிய வகுப்புகளுக்குச் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

அப்புறம் வந்ததுதான் பானை வருடம். நான் நடத்தியதில் இதுதான் உருப்படி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேள்வி: 'பெயிண்ட் அடித்த பானையில் தண்ணீர் குளிருமா?'

பொங்கல் முடிந்த கையோடு பானை மலிவாகக் கிடைக்கும். ஒரே அளவில் இரண்டு மண்பானை, ஒரு பிளாஸ்டிக் குடம். ஒரு பானைக்கு வெளிப்புறம் முழுக்க எனாமல் பெயிண்ட் இரண்டு கோட்டிங், ஒரு வாரம் காயவிட்டோம். மூன்றிலும் 3 லிட்டர் தண்ணீர், வேப்பமர நிழலில், வரிசையாக. தொடங்கும் முன்னால் வாக்கெடுப்பு. "பெயிண்ட் அடிச்சாலும் பானை பானைதானே டீச்சர்" என்று பெரும்பான்மைக் கட்சி. குளிராது என்றவர்கள் கையளவுதான். சீட்டுகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்தோம்.

காலை 9.30 முதல் 3.30 வரை மணிக்கு ஒரு தடவை வெப்பநிலை எடுக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை முறை போட்டுக் கொடுத்தேன். ஒரு பெண் வீட்டிலிருந்து காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் கொண்டு வந்தாள். தண்ணீரில் வைத்தால் 'லோ' என்றே காட்டியது. "கெட்டுப் போச்சு டீச்சர்" என்றாள். கெட்டுப் போகவில்லை, மனித உடம்புக்கு வேண்டிய சின்ன எல்லைக்குள்தான் அது அளக்கும் என்று புரியவைக்க அரை பீரியட் போனது. திட்டத்தில் இல்லாத அரை பீரியட், ஆனால் எனக்கு வருத்தமில்லை. ஆய்வகத்து வெப்பநிலைமானியை வைத்து மேற்கொண்டு போனோம்.

மாலை 3.30-க்குப் பிளாஸ்டிக் குடத்தில் 31 டிகிரி, பெயிண்ட் பானையில் 30, சாதாப் பானையில் 26. பிள்ளைகள் நம்பவில்லை. வெப்பநிலைமானியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். பிறகு விளக்கம் தன்னாலேயே வந்தது. சாதாப் பானையின் மேல் தொட்டுப் பார்த்தால் ஈரம், பெயிண்ட் பானையில் காய்ந்த பரப்பு. மண்ணின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலிருந்தே வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பெயிண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது.

மறுநாள் ஒரு கூத்து. எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று அளக்கலாம் என்றார்கள். சாதாப் பானையில் ஒரே நாளில் முக்கால் லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது. ஏழாம் வகுப்புக் குழு பெருமையாகச் சார்ட்டில் எழுதிவிட்டது. எனக்குக் கணக்கு உதைத்தது. மத்தியானம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். "நாங்க நாலு பேரு குடிச்சோம் டீச்சர். அந்தப் பானைத் தண்ணிதான் ஜில்லுனு இருந்துச்சு." சார்ட்டைக் கிழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய எண்ணை அடித்து, பக்கத்திலேயே 'குடித்துவிட்டார்கள்' என்று எழுதி, மூடி போட்டு, அறிவிப்பு மாட்டி, மறுபடி அளந்தார்கள். கண்காட்சி அன்று பெற்றோர் அதிக நேரம் நின்று படித்தது அந்தச் சார்ட்டைத்தான்.

சிறப்பு விருந்தினராக ஊர்க் குயவர் ஒருவரை அழைத்தோம். சரியாகப் பத்து மணிக்கு வந்தார். தண்ணீர்ப் பானைக்கு மட்டும் களிமண்ணில் மணலைக் கூட்டிப் பிசைவோம், அப்போதுதான் கசியும் என்று அவர் சொன்னபோது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாலை மரியாதை எல்லாம் அவருக்குத்தான் செய்தோம். அந்த வருடக் கருப்பொருள் உள்நாட்டுத் தொழில்நுட்பம் என்பதால், அறிக்கை எழுதவும் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

நடைமுறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் பத்தாம் வகுப்பையும் +2-வையும் தொடாதீர்கள். திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு என்று அவர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. முழு நாளைக் கேட்டால் தலைமையாசிரியர் யோசிப்பார். நான்கு நாட்களுக்குக் கடைசி இரண்டு பீரியட் என்று கேளுங்கள், கிடைத்துவிடும். கணக்கு ஆசிரியரை வரைபடத்துக்கும் தமிழாசிரியரைச் சார்ட் மொழிக்கும் இழுத்துவிடுங்கள். ஆறு முதல் எட்டு வரைக்கும் அரசின் அறிவியல், கணிதச் செய்முறைத் திட்டமான வானவில் மன்றத்தின் கருத்தாளர் உங்கள் பள்ளிக்கு வருகிறவர் என்றால், ஜனவரியிலேயே பேசி வைத்தால் அந்த மாத வருகையை இதோடு கோத்துவிடலாம். செலவு எனக்கு மொத்தம் 900 ரூபாய்க்குள் முடிந்தது. பெயிண்ட் டப்பாதான் அதில் பெரிய செலவு. பரிசு முதல், இரண்டாம், மூன்றாம் என்று வைக்காதீர்கள், அப்பாக்கள் செய்த மாடல்தான் ஜெயிக்கும். நான் எல்லாக் குழுவுக்கும் பேனா கொடுத்தேன். சரியாக வாக்களித்த அந்தக் கையளவு கூட்டத்துக்கு மட்டும் ஆளுக்கொரு கடலைமிட்டாய் கூடுதல்.

அன்றைக்கே கேள்விப் பெட்டி ஒன்றும் வைத்திருந்தேன். அதில் வந்த சீட்டு ஒன்று: 'மழை பெய்யும்போது பானை குளிருமா?' விடையை நான் சொல்லவில்லை. நவம்பரில் அடைமழை பிடித்த வாரம் அதே பிள்ளைகள் வந்து பானையைக் கேட்டார்கள். பெயிண்ட் பானை அதற்குள் உடைந்து போயிருந்தது. சாதாப் பானையையும் குடத்தையும் வராந்தாவில் வைத்து ஒரு நாள் முழுக்க அளந்தார்கள். வித்தியாசம் ஒரு டிகிரிகூடத் தேறவில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம், ஆவி எங்கே போகும்? அந்த எண்ணையும் பழைய சார்ட்டின் அடியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், 'குடித்துவிட்டார்கள்' என்ற வரிக்குக் கீழே.