நாவல் படமாகும்போது அதன் கருப்பொருள் ஏன் மாறுகிறது?

கருப்பொருள் என்பது கதையில் என்ன நடக்கிறது என்பதல்ல, நடப்பதை வைத்து அது எதைப் பேசுகிறது என்பதுதான். சம்பவங்கள் அப்படியே இருந்தாலும் சொல்கிற ஆள் மாறினால் இதுவும் மாறிவிடும். ஒரே கல்யாணத்தைப் பெண் வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், இரண்டு கதை கிடைக்கும்.

பூமணியின் ‘வெக்கை’ (1982) நாவலையும் அதிலிருந்து வெற்றிமாறன் எடுத்த ‘அசுரன்’ (2019) படத்தையும் எடுத்துக்கொள்வோம். நாவலில், அண்ணனைக் கொன்றவனை 15 வயதுச் சிதம்பரம் வெட்டிவிட்டு அப்பாவோடு காடு மலை என்று ஒளிந்து திரிகிறான், சமைத்துக்கொண்டு, வேட்டையாடிக்கொண்டு, பழையதைப் பேசிக்கொண்டு. அந்தப் பையனின் மனசுதான் கதையே, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். படத்தில் மையம் அப்பாவாக நடிக்கும் தனுஷ். அவருடைய இளமைக்கு நீளமான பிளாஷ்பேக், அதில் எரியும் குடிசைகள், கடைசியில் படிப்பை யாராலும் பறிக்க முடியாது என்ற பேச்சு.

சரி, ஏன் இப்படி? மனசுக்குள் ஓடுவதை எழுத்து நேராகச் சொல்லிவிடும். கேமராவுக்கு ஒரு செயலோ வசனமோ வேண்டும், அப்புறம் பெரிய நடிகர் வந்தால் கதையும் அவர் பக்கம் நகரும்.

‘அசுரன்’ பார்த்தாலே ‘வெக்கை’ படித்த மாதிரிதான் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் படம் முடிகிற அந்தக் கல்விப் பேச்சு நாவலின் முடிவு அல்ல, அங்கே அப்பாவும் மகனும் சரணடையப் போகிறார்கள்.