ஃபைகஸ் போன்சாய்: பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: சென்னையில் மொட்டை மாடியில் ஒரு ஃபைகஸ் (ஆல், அத்தி இன மரம்) போன்சாய், அதாவது தொட்டியில் குறுக்கி வளர்க்கும் மரம், வளர்க்கிறேன். மூன்று வருடமாக அதே ஆழமில்லாத தொட்டிதான். இப்போது தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று ஓரமாக வழிந்துவிடுகிறது. பிப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில்தான் தொட்டி மாற்ற வேண்டும் என்று ஜப்பானிய முறையைச் சொல்லும் புத்தகத்தில் படித்தேன். இது மே மாதம். அடுத்த பிப்ரவரி வரை விடலாமா?

பதில்: அவ்வளவு நாள் விட வேண்டாம். இந்தக் கத்திரி வெயிலில் வேரைத் தொடவும் வேண்டாம். ஆடி பிறந்த பிறகு, ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிக்குள் மாற்றுங்கள்.

புத்தகம் சொல்வது மேப்பிள் போன்ற மரங்களுக்குப் பொருந்தும். குளிரில் இலை உதிர்த்துத் தூங்கும் அந்த மரங்களுக்கு, மொட்டு விரிவதற்குச் சற்று முன்னால் வேரை வெட்டுவதுதான் சரி. ஃபைகஸ் வெப்ப நாட்டு மரம். ஜப்பானிலேயே கஜுமாரு என்று அழைக்கப்படும் ஃபைகஸை வெயில் ஏறிய பிறகு, மே முதல் ஜூலை வரையில்தான் மாற்றுகிறார்கள். மரம் சுறுசுறுப்பாக வளரும் காலமா, வெட்டிய வேர் மறுபடி விடும்வரை இலை தாக்குப்பிடிக்குமா என்ற இரண்டை வைத்துத்தான் மாதத்தை முடிவு செய்ய வேண்டும்.

வேரின் மெல்லிய நுனிகள்தான் தண்ணீரை உறிஞ்சுகின்றன. நாம் வெட்டி எடுப்பதில் பெரும்பகுதி அவைதான். மே மாதச் சூட்டில் இலை இழக்கும் நீரை மிச்ச வேரால் ஈடுகட்ட முடியாது. ஆடி, ஆவணியில் மண் இதமான சூட்டில் இருக்கும், மாலை மழையால் காற்றில் ஈரம் கூடும், புது வேர் சீக்கிரம் பிடிக்கும். ஐப்பசி வரை தள்ளிப்போட்டால் சென்னையின் அடைமழையில் வெட்டுப்பட்ட வேர் அழுகும் ஆபத்து உண்டு. பிப்ரவரியும் தப்பான மாதமில்லை, கோடைக்கு முன் இரண்டு மாதம் கிடைக்கும். ஆனால் தண்ணீரே இறங்காத தொட்டியில் ஒன்பது மாதம் என்பது உங்கள் மரத்துக்கு அதிகம்.

சரி, ஜூலை வரை என்ன செய்வது? மெல்லிய மூங்கில் குச்சியால் மண்ணில் ஏழெட்டு இடங்களில் அடிவரை குத்தி வழி விடுங்கள். மேல்மண் காயத் தொடங்கும்போது ஒரு டப்பில் தண்ணீர் பிடித்து, தொட்டியின் விளிம்பு மூழ்கும்படி வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிடுங்கள். மதிய வெயிலுக்குப் பச்சை வலை கட்டுங்கள். இதையும் மீறி இலைகள் மஞ்சளாகி மளமளவென்று கொட்டினால், வேரைக் கலைக்காமல், மண்கட்டியோடு அப்படியே பெரிய தொட்டியில் இறக்கிச் சுற்றிலும் புது மண் நிரப்புங்கள். அதை மே மாதத்திலும் செய்யலாம்.

மாற்றும் நாளில், சுற்றிச் சுருண்டு கிடக்கும் வேர்களைப் பிரித்து, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். வேலை முடியும்வரை வேர் காயக் கூடாது, அடிக்கடி தண்ணீர் தெளியுங்கள். மண்ணில் செங்கல் பொடிக்கல் பாதிக்கு மேல் இருக்கட்டும், மீதிக்குப் பருமணலும் நன்றாக மக்கிய தொழுவுரமும். எல்லாவற்றையும் சலித்துத் தூளை நீக்குவது அவசியம். தண்ணீரை அடைப்பது அந்தத் தூள்தான்.

ஆடி மாதத்தில் நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான், காற்று. மரம் அசைந்தால் புதிதாக விட்ட வேர் அறுந்துகொண்டே இருக்கும். தொட்டியின் வடிகால் துளை வழியாகக் கம்பி கொடுத்து மரத்தை இறுக்கிக் கட்டுங்கள், கைப்பிடிச் சுவரை ஒட்டி நிழலில் மூன்று வாரம் வையுங்கள். கோவை, பொள்ளாச்சிப் பக்கம் காற்று இன்னும் பலம் என்பதால், அங்கே ஆவணிவரை பொறுப்பது நல்லது. புதுத் துளிர் நன்றாக விரியும்வரை உரம் வேண்டாம்.

மற்ற மரங்களும் வைத்திருந்தால்: அரச மரத்தை இலை உதிர்ந்து துளிர்முனை பருக்கும்போது, அநேகமாக மாசி, பங்குனியில் மாற்றலாம். போகன்வில்லாவின் வேர் சட்டென்று ஒடியும், குறைவாக வெட்டுங்கள். அடீனியத்தைப் பிப்ரவரி, மார்ச்சில் மாற்றி, வெட்டுக்காயம் உலரும்வரை சில நாள் தண்ணீரை நிறுத்துங்கள். ஊட்டி, கொடைக்கானலில் ஜூனிபர் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரத்தை வளர்ப்பவர்கள் உங்கள் புத்தகத்தின் மாதத்தையே பின்பற்றலாம்.