புகையைத் தாங்கும் மரம் எது?

கேள்வி: எங்கள் வீடு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. வாசலில் மாங்கன்று வைக்க நினைத்தபோது, மாமரம் புகையைத் தாங்காது என்று ஒருவரும், நன்றாகவே தாங்கும் என்று மற்றொருவரும் சொன்னார்கள். யாரை நம்புவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் ஒருவர் இலையைப் பற்றியும் மற்றவர் காயைப் பற்றியும் பேசியிருக்கக்கூடும் என்று தோன்றுகிறது.

மரங்களின் தாங்குதிறனை மதிப்பிட நம் நாட்டு ஆய்வாளர்கள் பெரிதும் கையாளும் முறை, பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் சிங், ராவ் இருவரும் 1983-இல் வகுத்த காற்று மாசு தாங்குதிறன் குறியீடாகும். இலையில் உள்ள அஸ்கார்பிக் அமிலம், பச்சையம், இலைச்சாற்றின் அமில காரநிலை, இலை தன்னுள் தக்கவைத்திருக்கும் நீரின் அளவு ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் எண் அது. கந்தக டை ஆக்சைடு இலைத்துளை வழியாக நுழைந்து உள்ளிருக்கும் நீரில் கரைந்து அமிலமாகிப் பச்சையத்தைச் சிதைக்கிறது. சாற்றின் அமிலத்தன்மை குறைவாக இருக்கும் மரத்தால் இந்தத் தாக்குதலை ஓரளவு ஈடுகட்ட முடியும். அஸ்கார்பிக் அமிலம் மிகுந்திருந்தால், அப்போது உண்டாகும் நச்சு ஆக்சிஜன் சேர்மங்களை அது செயலிழக்கச் செய்துவிடும். நெல்லிக்காயில் நாம் தேடும் அதே வைட்டமின் சி தான் இது.

இந்தக் கணக்கில் ஆல், அரசு ஆகியவற்றோடு மாமரமும் பல ஆய்வுகளில் முன்வரிசையில் நிற்கிறது. எனினும் ஒரே மரத்துக்கு ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் எண் மாறும் என்பதால், முதலிடம் இரண்டாமிடம் என்று வரும் பட்டியல்களை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

இனி, தாங்காது என்றவர் சொன்னதற்கு வருவோம். உத்தரப் பிரதேசத்து மாந்தோப்புகளில், செங்கல் சூளைகளுக்கு அருகே, மரம் பசுமையாகவே நிற்க, காயின் கீழ்முனை மட்டும் கருகிக் கெட்டிப்படும் கருமுனை நோய் நெடுங்காலமாக உழவர்களை வருத்தி வருகிறது. சூளைப் புகையில் வரும் வாயுக்களே இதற்குக் காரணம். வெண்காரக் கரைசல் தெளித்து நோயைக் கட்டுப்படுத்துகிறார்கள். இலையை அளக்கும் குறியீடு காயின் துன்பத்தைச் சொல்லாது. உங்கள் வீட்டருகே செங்கல் சூளை இல்லையென்றால் மாங்கன்றைத் தயங்காமல் நடலாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். புகையைத் தாங்கி நிற்பது வேறு, உங்கள் வீட்டுக்குள் புகை வராமல் தடுப்பது வேறு. வாகனப் புகை தரைமட்டத்தில்தான் வெளிப்படுகிறது. ஆகவே உயரத்தில் கிளைவிரிக்கும் மரத்தைவிட, சாலைக்கும் வீட்டுக்கும் இடையே தரையிலிருந்தே அடர்ந்து வளரும் உயிர்வேலி அதைத் தடுக்க அதிகம் உதவும். இருபுறமும் மாடிக் கட்டடங்கள் உள்ள குறுகிய தெருவிலோ, மேலே கூடும் மரக்கிளைகள் புகையைக் கலையவிடாமல் கீழேயே நிறுத்திவிடுவதும் உண்டு.

கேள்வி: நிலக்கரிப் புகைக்குப் பெயர்போன லண்டனில் மரங்கள் எப்படிப் பிழைத்தன?
– வாசகர், காரைக்குடி

பதில்: எல்லா மரங்களும் பிழைக்கவில்லை. நன்றாகத் தாக்குப்பிடித்தது, அந்நகரின் பெயரையே தாங்கிய லண்டன் பிளேன் என்னும் கலப்பின மரம். நம் கொய்யாவைப் போல அது பட்டையைச் செதில் செதிலாக உதிர்ப்பதால் படிந்த கரியும் உடன் போய்விடும். பளபளப்பான இலைகளை மழை கழுவும். குளிர்காலத்தில் இலைகளும் உதிர்ந்துவிடும். ஊசியிலை மரங்களுக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலானவை ஒரே இலையைப் பல ஆண்டுகள் வைத்திருப்பதால் நஞ்சும் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் ஊசியிலை மரங்கள் இப்படி நலிந்ததால்தான், 1920-களில் கென்ட் மாவட்டத்துப் பெட்ஜ்பரியில் அவற்றுக்கென்று தனித் தோட்டம் அமைக்க வேண்டியதாயிற்று.