கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மனநிறைவோடு திரும்ப என்ன செய்யலாம்?

மகள் கல்யாணத்தை முன்வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். வாசலில் பன்னீர், சந்தனம், கற்கண்டு எல்லா வீட்டிலும் இருக்கும். அங்கே உறவுமுறை தெரிந்த பெரியவர் ஒருவரையும் நிறுத்துங்கள். "வாங்க சித்தப்பா, சித்தி வரவில்லையா?" என்று அவர் கேட்டாலே வந்தவர் முகம் மலர்ந்துவிடும்.

உண்மையான உபசாரம் பந்தியில்தான் தெரியும். சாப்பிடுகிறவரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்காரர் நிற்பதைப் போன்ற சங்கடம் வேறில்லை. பாயசம் வருவதற்குள் அவர் இலையை மூடிவிடுவார். சாப்பாட்டுக்கூட வாசலில் பொறுப்பான இருவரை வைத்து, காலியான இலைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆட்களை உள்ளே விடுங்கள். முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், குழந்தைகளோடு வந்தவர்களுக்கு முதல் பந்தி. பரிமாறச் சமையல்காரரின் ஆட்கள் இருந்தாலும் பந்தி விசாரிப்பது வீட்டாரின் வேலை. தாய்மாமன் இலை இலையாக நின்று, "இன்னும் கொஞ்சம் ரசம் விடச் சொல்லட்டுமா?" என்று கேட்கட்டும்.

வரவேற்பில் மெல்லிசைக் கச்சேரி வைத்தால் ஒலியைக் கட்டாயம் குறைக்கச் சொல்லுங்கள். பல வருடம் கழித்துச் சந்திக்கும் உறவினர்களுக்குப் பேச்சுதான் பெரிய பொழுதுபோக்கு.

தாம்பூலப் பையை மேஜையில் குவித்து வைக்காமல் கையில் கொடுங்கள். வெளியூர்க்காரர்களிடம் பஸ் நேரத்தையும் விசாரித்துவிடுங்கள்.