எம்.எல்.ஏ. பதவியை வாழ்நாள் தொழிலாக நம்பி இறங்கலாமா?

கல்லூரி முடித்த ஒருவர் கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை என் பதில்: இறங்கலாம், ஆனால் சோற்றுக்கு வேறு வழி இருக்க வேண்டும்.

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்தில் இரண்டு வருஷம் மனுக்களைப் பதிவேட்டில் ஏற்றும் வேலை பார்த்தேன். காலை ஆறு மணிக்கே வாசலில் ஆள் நிற்கும். பட்டா பெயர் மாற்றம், முதியோர் உதவித்தொகை, மகனுக்குப் பணியிட மாற்றம். முக்கால்வாசி மனுக்களுக்கும் சட்டசபைக்கும் சம்பந்தமே கிடையாது. மனுவின் ஓரத்தில் ‘ஆவன செய்யவும்’ என்று எம்.எல்.ஏ. எழுதிக் கையெழுத்துப் போடுவார். அது தாசில்தாரிடம் போகும். பத்தில் மூன்று நடந்தால் அதிகம். அப்புறம் கல்யாணம், காதுகுத்து, சாவு வீடு. 2017இல் எம்.எல்.ஏ.க்களின் மாதச் சம்பளம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆனது. முகூர்த்த மாதங்களில் மொய்க்கே அதில் பெரும்பகுதி போய்விடும்.

சட்டசபை வேலையை அவர் விரும்பிச் செய்தார் என்பதுதான் சோகம். துறைகளுக்கான நிதி ஒதுக்கீட்டைப் பேசும் ஒரு மானியக் கோரிக்கை விவாதத்தில் எங்கள் ஊர்ப் பாலத்துக்காகப் பேச, ராத்திரி முழுக்கக் குறிப்பெடுத்தார். பேச்சு ஊரில் யாருக்கும் நினைவில்லை. அன்று ஒரு சாவு வீட்டுக்கு வராததை இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள். சொந்தமாக ஒரு நிலைப்பாடு எடுக்கலாமே என்றால், ஓட்டெடுப்பில் கொறடா உத்தரவை, அதாவது இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சிக் கட்டளையை, மீறினால் பதவியே போகலாம். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அப்படி.

1957இல் குளித்தலையில் தொடங்கி 2016இல் திருவாரூர் வரை போட்டியிட்ட 13 சட்டமன்றத் தேர்தலிலும் ஜெயித்த கருணாநிதியைப் பார்த்து யாரும் கணக்குப் போடாதீர்கள். அவர் விதிவிலக்கு. ஒன்பது வருஷம் முதல்வராக இருந்த காமராஜரே 1967இல் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார்.

எங்கள் ஆள் தோற்கக்கூட இல்லை. அடுத்த தேர்தலில் தொகுதியைக் கூட்டணிக் கட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். வேட்பாளர் பட்டியல் வந்த அன்று அலுவலகத்தில் நான், அவர், டீ வாங்கி வந்த பையன், மூன்றே பேர். முந்தின நாள்வரை வாசலில் செருப்பு விட இடம் இருக்காது.

இப்போது அவருடைய பழைய உரக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். நல்லவேளை, ஐந்து வருஷமும் அதைத் தம்பி மூடாமல் நடத்தினார்.