முன்பணம் வாங்கி வேலைக்கு வந்தவர் எப்படிக் கொத்தடிமை ஆவார்?

"தானாகக் கைநீட்டிப் பணம் வாங்கியவர், யாரும் கட்டிப்போடவும் இல்லையே" என்று கேட்டிருக்கிறீர்கள். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் சங்கிலியைத் தேடுவதில்லை. முன்பணத்துக்காக ஒருவர் கூலியில்லாமலோ பெயருக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டோ உழைக்கிறாரா, வேறு வேலைக்குப் போக முடியாதா, நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாதா? இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலையும் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புதான் என்று 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கணக்கிலேயே வராமல் போகிறவர்கள் யார் என்று தெரிய செங்கல் சூளையைப் பார்க்க வேண்டும். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கச் சூளைகளில் இருளர் குடும்பங்களும் ஒடிசாக் குடும்பங்களும் வேலை செய்கின்றன. வேலை இல்லாத மழை மாதங்களில்தான் சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி அட்வான்ஸோடு வருவார். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. கணவன் மண் வெட்டிக் குழைப்பார், மனைவி கல் அறுப்பார், பிள்ளைகள் காயும் பச்சைக்கல்லைத் திருப்பிப் போடுவார்கள். கூலிக் கணக்கு நோட்டில் இருப்பது கணவன் பெயர் மட்டும். திடீர் மழையில் கரைந்த கல்லுக்குக் கூலி கிடையாது. வாரச் செலவுக்குக் கொடுக்கும் காசும் கடனில் ஏறும்.

மீட்பின்போதும் அதிகாரிகள் அந்த நோட்டையே நம்புவதுதான் கொடுமை. கடன்பட்டவரின் குடும்பத்தாரும் அவரை அண்டி இருப்பவர்களும் சட்டத்தின் வரையறைக்குள்ளேயே வருகிறார்கள். அப்படியிருந்தும் கணவனிடம் மட்டும் வாக்குமூலம் வாங்கி ஒரே விடுதலைச் சான்றோடு (கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்ற சான்று) முடிப்பார்கள். இழப்பு சின்னதல்ல: மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் சிறாருக்கும் 2 லட்சம், உடனடி உதவி 30,000 ரூபாய் வரை.

நீங்கள் புகார் எழுதுவதாக இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுதுங்கள். சூளைக்கு வழி, எத்தனை குடும்பம், எப்போது வந்தார்கள், எவ்வளவு அட்வான்ஸ், ஒவ்வொருவரும் என்ன வேலை செய்கிறார் என்பதெல்லாம் இருக்கட்டும். பத்திரம், ரசீது தேவையில்லை. "இது கொத்தடிமைக் கடன் அல்ல" என்று நிரூபிக்கும் பொறுப்பை 1976 சட்டத்தின் 15-ஆம் பிரிவு கடன் கொடுத்தவர் தலையில்தான் வைக்கிறது.

விசாரணையை முதலாளியும் மேஸ்திரியும் இல்லாத இடத்தில், பெண்களிடம் தனியாக நடத்தச் சொல்லிக் கேளுங்கள். ஒடிசாக்காரர்கள் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். "அடிமையா இருக்கீங்களா?" என்றால் எல்லோரும் இல்லை என்பார்கள். "ஊரில் சாவு விழுந்தால் குடும்பத்தோடு போவீங்களா, யாரையாவது விட்டுட்டுப் போகணுமா?" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். ஒரு பிள்ளையைப் பிணையாக நிறுத்திவைத்து மற்றவர்களை அனுப்புவது பழைய வழக்கம்.

"கடனைக் கட்டிவிட்டுப் போகட்டும்" என்று சமரசம் பேசுவதும் நடக்கும். அதற்கு இடமே இல்லை. அந்தக் கடனைச் சட்டம் ஒழித்துவிட்டது. ஒழிந்த கடனுக்குப் பணம் வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை.

மறுவாழ்வுத் திட்டத்தின் முழுத்தொகை வழக்கின் முடிவோடு கட்டுண்டு கிடப்பதால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். விடுதலைச் சான்றையாவது கையோடு வாங்க வேண்டும். ஆளுக்கொன்று இருக்கிறதா, மனைவி, பிள்ளைகள் பெயர் சரியாக இருக்கிறதா என்பதை ஊருக்கு வண்டி ஏறும் முன்பே பார்த்துவிடுங்கள். ஏறிய பிறகு திருத்துவது பெரும் அலைச்சல்.