நம் ஜனநாயகத்தையும் கல்வியையும் வெளிநாட்டவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

சேர்வராயன் மலையில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வீடு கீழே சேலத்தில், அம்மாப்பேட்டைப் பக்கம். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வேலையும் எங்கள் தலையில்தான். ஏற்காடு சுற்றிப் பார்க்க வருபவர்கள், பள்ளிகளுக்கு உதவ வரும் தன்னார்வலர்கள், சேலத்துத் தனியார் கல்லூரிகளில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்கள் என்று பலரோடு இந்த இரண்டைப் பற்றியும் பேசியிருக்கிறேன். அதை வைத்துத்தான் இந்தப் பதில்.

சுருக்கமாகச் சொன்னால், தேர்தலைப் பார்த்து வியக்கிறார்கள், பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். இரண்டையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விஷயங்களாக வைத்துக்கொள்கிறார்கள். இந்த நாட்டில் ஓட்டுதான் முதலில் வந்தது, பள்ளிக்கூடம் அதன் பின்னால் வந்தது, ஓட்டுதான் பள்ளிக்கூடத்தை மலை மேல் இழுத்துக்கொண்டு வந்தது என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. நம்மிலேயே பலருக்குத் தெரிவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஐரோப்பாவிலிருந்து யார் வந்தாலும் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள்?" ஜெர்மனியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மிகுந்த மரியாதையோடுதான் கேட்டார். பெயரையே படிக்க முடியாதவர் கொள்கையை எப்படி எடை போடுவார் என்பது அவருடைய சந்தேகம். அவர்கள் ஊர்களில் வரலாறு அப்படி நடந்திருக்கிறது. முதலில் சொத்துள்ளவனுக்கு ஓட்டு, பிறகு படித்தவனுக்கு, கடைசியில் பெண்களுக்கு. பிரிட்டனில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான வாக்குரிமை 1928-ல்தான் வந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எழுத்தறிவுச் சோதனை என்ற பெயரில் கறுப்பின மக்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், 1965-ல் சட்டம் வந்து தடுக்கும் வரை. சுவிட்சர்லாந்தில் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட 1971 வரை காத்திருந்தார்கள்.

இங்கே என்ன நடந்தது? 1951 கணக்கெடுப்பில் நாட்டில் எழுத்தறிவு 18 சதவீதம். அந்த நிலையில், 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு என்று அரசியல் சட்டம் எழுதியாகிவிட்டது. சுமார் 17 கோடி வாக்காளர்கள். சுகுமார் சென் என்ற முதல் தலைமைத் தேர்தல் ஆணையர், படிக்கத் தெரியாதவரும் பிழையில்லாமல் ஓட்டுப் போட ஒரு வழி கண்டார். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, அதன் மேல் சின்னம். சீட்டை வாங்கி, பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் போட்டால் முடிந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல வட மாநிலங்களில் பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே பதிவு செய்தார்கள். பெயர் சொல்லாத சுமார் 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து நீக்கினார் சென். கடுமையான முடிவுதான். ஆனால் ஓட்டு ஒரு பெண்ணின் சொந்தப் பெயருக்குத்தான் உரியது என்று அன்றே உறுதிப்படுத்தியது அது. நம் மதராஸ் மாகாணத்தில் சொத்துத் தகுதியோடு பெண்களுக்கு 1921-லேயே வாக்குரிமை கிடைத்துவிட்டது. பக்கத்து இலங்கையில் 1931-லேயே எல்லோருக்கும் ஓட்டு. ஜனநாயகம் மேற்கிலிருந்து நமக்குப் பாடமாக வந்தது என்று நினைக்கும் வெளிநாட்டவரிடம் இந்த ஆண்டுகளை வரிசையாகச் சொன்னால் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுவிடும்.

அந்த ஜெர்மன் அம்மா ஒரு தேர்தல் சமயத்தில் ஏற்காட்டில்தான் தங்கியிருந்தார். வாக்குச்சாவடிக்குள் யாரும் நினைத்தபடி நுழைய முடியாது. நூறு மீட்டர் கோட்டுக்கு வெளியே ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நின்று பார்த்துவிட்டுப் போனார். உள்ளே என்ன நடக்கிறது என்று பிற்பாடு நான்தான் விளக்கினேன்.

முதல் நாளே பெட்டிகளோடு ஜீப்பில் போய் வகுப்பறையிலேயே படுத்துவிடுவோம். விடியும் முன் மாதிரி வாக்குப்பதிவு. ஏஜென்டுகள் முன்னிலையில் 50 ஓட்டாவது போட்டு, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டு, சீல் வைத்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். எதிரெதிர்க் கட்சி ஏஜென்டுகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்து இட்லியைப் பங்கு போட்டுக்கொள்வார்கள், ஆனால் பட்டியலில் ஒரு பெயர் சந்தேகமாக இருந்தால் விட மாட்டார்கள். எட்டு மணிக்குள் வரிசை வெளியே படியிறங்கிவிடும். எஸ்டேட் வேலைக்கு அன்று விடுமுறை. காதில் கம்மலும் கழுத்தில் பாசிமணியும் போட்ட ஒரு பாட்டி, பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வந்து, "என் பேரு இருக்குதா பாரு டீச்சர், போன தடவை கடைசி பக்கத்துல இருந்துச்சு" என்றார். கைநாட்டு வைத்தார். இடது ஆள்காட்டி விரலில் மை வைத்தோம். பேத்தியும் மறைப்புக்குள் நுழையப் போனாள். "நீ இங்கேயே நில்லு, ஓட்டு என்னுது" என்று பாட்டியே தடுத்துவிட்டார். பீப் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர், "சீட்டு சரியாத்தான் விழுந்துச்சு, நான் பார்த்தேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார். ரகசிய வாக்கெடுப்பு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

இந்த மலையை உள்ளடக்கிய ஏற்காடு பழங்குடியினருக்கான தனித் தொகுதி. 2013 டிசம்பர் 4-ம் தேதி இங்கே நடந்த இடைத்தேர்தலில்தான் தமிழ்நாட்டில் முதன்முறையாக நோட்டா பொத்தான் வந்தது. வாக்குப்பதிவு 89 சதவீதத்துக்கு மேல். 2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னை மாவட்டம் 60 சதவீதத்தைத் தொடவில்லை. மேலை நாடுகளில் படிப்பும் வருமானமும் குறைந்தவர்கள் ஓட்டுப் போடுவதும் குறைவு என்பார்கள். நம் மலையில் அந்தக் கணக்கு தலைகீழ். தேர்தல் நாளில் மட்டும்தான் கலெக்டர் ஓட்டும் தன் ஓட்டும் ஒன்று என்று அந்தப் பாட்டிக்குத் தெரியும். அதனால்தான் வருகிறார்.

கல்விக்கு வருவோம். இங்கே வெளிநாட்டவர் பார்வை மூன்றாகப் பிரிகிறது. தன் அலுவலகத்தில் நம் பிள்ளைகளோடு வேலை பார்ப்பவர், இந்தியர்கள் எல்லோருமே கணக்கில் புலிகள் என்று நம்புகிறார். ஏற்காட்டில் ஒரு நாள் சுற்றியவர் நூறு வருடத்துக்கும் பழைய உறைவிடப் பள்ளிகளின் கல் கட்டடங்களைப் பார்த்து மலைத்துப் போகிறார். இதே மலையில் நாகலூருக்கோ செம்மநத்தத்துக்கோ அப்பால் நடந்தவர் வேறு படத்தோடு ஊர் திரும்புகிறார். மூன்றுமே உண்மைதான். ஆனால் அவர்கள் சொல்லும் குறையில் ஒன்றை நாம் மழுப்பக் கூடாது. பீசா என்ற சர்வதேசத் தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 இறுதியில் முடிவு வந்தபோது, எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் இருந்த பட்டியலில் வாசிப்பிலும் கணக்கிலும் நம் இரண்டு மாநிலங்களுக்கும் கீழே கிர்கிஸ்தான் மட்டும்தான் இருந்தது. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி நாடே விலகிக்கொண்டது. விலகியது தவறு என்பது என் கருத்து. ஏனென்றால் அந்தத் தேர்வு காட்டிய குறையை நான் வகுப்பில் தினமும் பார்க்கிறேன். பத்தியைக் கடகடவென்று வாசிக்கும் பிள்ளை, "இதில் யார் யாரிடம் கோபித்துக்கொண்டார்?" என்று கேட்டால் விழிக்கிறது. வாசிப்பு வந்துவிட்டது, பொருள் ஏறவில்லை.

அதற்குக் காரணம் பிள்ளையின் மூளை இல்லை. நவம்பர் தொடங்கினால் காபிப் பழம் பறிக்கும் காலம். சில குடும்பங்கள் குடகுக்கும் கேரளத்துக்கும் எஸ்டேட் வேலைக்குப் போய்விடும். பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று கூடவே கூட்டிப் போவார்கள். இரண்டு மாதம் கழித்து வரும் பிள்ளைக்கு விட்ட பாடத்தை எடுக்கத் தனி ஆள் கிடையாது, நாங்களே சமாளிக்க வேண்டும்.

ஆனாலும் அந்தப் பிள்ளை திரும்பி வருகிறது. இங்கேதான் ஓட்டின் கதை நுழைகிறது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு, 2022-ல் காலை உணவு. இவற்றை வெளிநாட்டு நிபுணர்கள் நலத்திட்டம் என்ற தலைப்பில் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் இவை ஜனநாயகம் கொடுத்த விளைச்சல். படிக்காத பெற்றோர் கையில் ஓட்டு இருந்ததால்தான் எந்தக் கட்சி வந்தாலும் பள்ளிச் சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை, கூட்டத்தான் முடிந்தது. மலைக் கிராமத்துக்கு ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம் கேட்பது மூன்றே விஷயம்: ரோடு, பஸ், பள்ளிக்கூடம். உயர்கல்வி வயதுப் பிள்ளைகளில் கல்லூரிக்குச் செல்வோர் விகிதம் 2021-22 கணக்குப்படி நாட்டில் 28 சதவீதம், தமிழ்நாட்டில் 47. முதல் தலைமுறை ஓட்டுப் போட்டபோது கைநாட்டு வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அந்த 47-ல் இருக்கிறார்கள்.

ஒரு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தைச் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பிரான்ஸிலிருந்து வந்து சில வாரம் எங்கள் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்த இளம்பெண் ஒருத்தி அன்று ஓரமாக உட்கார்ந்திருந்தாள். குழுத் தலைவி எஸ்டேட்டில் தினக்கூலி, நாலாவதோடு படிப்பை விட்டவர். தீர்மானப் புத்தகத்தை நான் வாசித்து முடித்ததும், "போன மாசம் தண்ணித் தொட்டி பத்தி எழுதினோமே டீச்சர், அதுக்கு என்ன பதில் வந்துச்சுன்னு இதுல இல்லியே" என்றார். பதில் வரவில்லை என்றேன். "அப்ப பதில் வரலன்னே எழுதுங்க" என்றார். எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். என்ன நடந்தது என்று அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். தன் ஊரிலும் பெற்றோர் பிரதிநிதிகள் உண்டு என்றாள். ஆனால் அங்கே பேசுபவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படித்த பெற்றோர்தான், இப்படி ஒருவர் தலைமை தாங்கி அவள் பார்த்ததில்லையாம். அவள் ஊருக்கு எழுதிய கடிதத்தில் இட்லியும் மலையும் போக இந்தக் கூட்டமும் இடம்பெற்றதாகச் சொன்னபோது எனக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது.

வெளிநாட்டவர் என்றதும் வெள்ளைக்காரரை மட்டும் நினைக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். எங்கள் தெருவில் மாடி வீட்டில் சூடான் நாட்டு மாணவர்கள் குடியிருந்தார்கள். சுகுமார் சென்தான் 1953-ல் அவர்கள் நாட்டுக்குப் போய் முதல் தேர்தலை நடத்திக் கொடுத்தவர் என்று அவர்களில் ஒருவரிடம் சொன்னேன். அவருக்கு அது புதுச் செய்தி. கொஞ்ச நேரம் கழித்து, "உங்களிடம் தோற்றவர் வீட்டுக்குப் போய்விடுகிறாரே, அதுதான் எனக்கு ஆச்சரியம்" என்றார். 1958-ல் தொடங்கிய ராணுவப் புரட்சிகள், 2023 ஏப்ரலில் வெடித்த போர் என்று பார்த்த நாட்டிலிருந்து வந்தவர் சொல் அது. அதே ஆள் நம் கல்வியைப் பற்றிச் சொன்னது கசப்பானது. கட்டணம் கட்டுப்படியாகிறது, பட்டத்துக்கு மதிப்பிருக்கிறது, ஆனால் வகுப்பில் கேள்வி கேட்டால் நோட்ஸைப் பார் என்கிறார்கள். அதைவிட, நிறத்தைப் பார்த்து வீடு தர மறுத்தவர்கள் கதை நிறைய வைத்திருந்தார். நம் படிப்பு நமக்கு எதைக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

கடைசியாக, ஆய்வறிக்கைகள். ஸ்வீடனின் வி-டெம் நிறுவனம் 2021 அறிக்கையில் இந்தியாவைத் தேர்தல் வழி எதேச்சதிகாரம் என்ற வகையில் வைத்தது. அமெரிக்காவின் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு அதே ஆண்டு ஓரளவே சுதந்திரமான நாடு என்று இறக்கியது. வெளிநாட்டுச் சதி என்று இதை ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பத்திரிகைச் சுதந்திரம், அமைப்புகளின் சுதந்திரம், நீதிமன்றம் என்று அவர்கள் பல விஷயங்களை அளக்கிறார்கள். ஏற்காட்டில் வரிசை நீளமாக நின்றது என்பது அதற்குப் பதிலாகாது. நம் பக்கத்துக் குறையும் இருக்கிறது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2019-ல் வேலூர், மூன்றிலும் பணப்பட்டுவாடாவால் தேர்தலையே நிறுத்த வேண்டி வந்தது. அந்த அறிக்கைகளோடு எனக்கு இருக்கும் ஒரே சண்டை வேறு. தலைநகரத்தில் நடப்பது அவர்கள் அளவுகோலில் விழுகிறது, தண்ணீர்த் தொட்டிக்குப் பதில் வரவில்லை என்று புத்தகத்தில் எழுத வைக்கும் தாய் விழுவதில்லை.

உங்கள் வெளிநாட்டு நண்பர் யாராவது நம் ஜனநாயகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் தேர்தலுக்காகக் காத்திருக்கச் சொல்லாதீர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாட்களில் ஊராட்சிதோறும் கிராம சபை கூடும். வாழவந்திக்கோ மாரமங்கலத்துக்கோ கூட்டி வாருங்கள், மொழிபெயர்க்க நான் வருகிறேன். எங்கள் தண்ணீர்த் தொட்டி விஷயத்தை அடுத்த கூட்டத்தில் அந்தக் குழுத் தலைவி எழுப்பப் போகிறார்.